விட்டுப் பிடித்தல்

அகநானூற்றின் 36ஆம் பாட்டில் மதுரை நக்கீரர் ஒரு வரால் மீனைக் காட்டுகிறார். வளைந்த இரும்பு முள்ளில் கோத்திருந்த இரையை விழுங்கிவிட்ட அந்த மீன், ஆம்பல் இலைகளும் குவளைப் பூக்களும் நாசமாகும்படி துள்ளி, கொடிகளைப் பின்னவிட்டு, தூண்டிற்காரன் இழுத்த இழுப்புக்கு இணங்காமல், கயிறு மாட்டப்பெற்ற முரட்டுக் காளையைப்போலக் குளத்தையே கலக்கிவிடுகிறது. புலவருடைய நோக்கம் மருத நிலத்துத் தலைவனின் போக்கை இடித்துரைப்பது. மீன் அதற்கு ஒரு வியாஜமே. ஆயினும் தூண்டில் தொழிலின் ஆதிச் சங்கடம் முழுவதும் அந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. மீன் முள்ளில் மாட்டுவது ஒன்று, கரைக்கு வந்து சேர்வது வேறொன்று. இவ்விரண்டுக்கும் இடையில் கழிகின்ற அந்தச் சில நிமிஷங்களை ஆளத் தெரியாமல் மனித ஜாதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் திணறியிருக்கிறது.

எங்கள் ஊர்க் கண்மாயில் விரால் பிடிப்பதற்கென்றே ஒரு பெரியவர் இருந்தார். அவருடைய தூண்டிற் கழி, வெட்டி நிழலில் காயவைத்து, பிறகு அடுக்களைப் பரணில் பல மாதம் புகை குடிக்கவிட்ட கல்மூங்கில். அதன் நுனியில் முடிந்த நரம்பு கழியின் நீளத்தைவிட ஒரு முழம் மிகுந்திருக்கும், அவ்வளவுதான். சிறு தவளையொன்றின் முதுகுத் தோலில் முள்ளைக் கோத்து, அல்லி இலைகளின்மேல் அது தத்தித் தத்திப் போவதுபோலக் கழியின் நுனியை அசைப்பார். இலைக்கு அடியிலிருந்து விரால் தாவிக் கவ்வியதும், பார்த்துக்கொண்டிருக்கும் சிறுவர்களாகிய நாங்கள் 'இழுங்க தாத்தா, இழுங்க' என்று கூவுவோம். அவர் இழுக்கமாட்டார். கழியை உயர்த்திப் பிடித்து, அது வில்லாக வளைவதைக் கவனித்தபடி, மீன் போகும் பக்கமெல்லாம் இடுப்பளவுத் தண்ணீரில் தாமும் நடப்பார். "விட்டுப் பிடிக்கணும்டா பேராண்டி. இப்ப இழுத்தா நரம்பும் போகும், மீனும் போகும்" என்பார். விடுவதற்கு அவரிடம் மிச்சக் கயிறு ஏதும் கிடையாது. ஆகையால் தம்முடைய கால்களையே விட்டுக்கொடுத்தார். கழியும் சக்கரமும் பொய்யிரையும் உலகத்தில் வளர்ந்த வரலாற்றைப் பிற்காலத்தில் நான் தேடிப் படித்தபோது, அந்தக் கிழவர் சொன்ன வார்த்தையைச் சாதனமாகச் செய்துகாட்டுவதற்கே பல தேசத்துக் கைவினைஞர்கள் பாடுபட்டிருக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கிற்று.

ஐரோப்பாவில் இந்தக் கலையைப் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் 1496இல் வெஸ்ட்மின்ஸ்டரில் விங்கின் டி வொர்ட் என்பவரின் அச்சகத்திலிருந்து வெளிவந்தது. ஜூலியானா பெர்னர்ஸ் என்ற கன்னிகாஸ்திரீ எழுதியது என்று நெடுங்காலம் நம்பப்பட்ட அந்நூலில், தூண்டிற் கழியின் அடித்தண்டைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் துளைத்து, மேற்பாகத்தை அதற்குள் மறைத்துவைத்து, பார்ப்பவர்கள் ஊன்றுகோல் என்றே எண்ணும்படி கொண்டுபோகும் யுக்திகூடச் சொல்லப்பட்டிருக்கிறது. கயிறு குதிரைவால் மயிரைத் திரித்துச் செய்தது. மிகச் சிறிய மீனுக்கு ஒற்றை மயிர் போதும். மீன் பெருக்கப் பெருக்க மயிரும் பெருகி, சால்மனுக்குப் பதினைந்து மயிர் வேண்டும். எவ்வளவு நுட்பமாகக் கணக்கிட்டுத் திரித்தாலும் அந்தக் கயிறு கழியின் நுனியில் முடியப்பட்டதே ஆகையால், பெரிய மீன் ஓடத் தொடங்கிவிட்டால் கயிறு அறும், அல்லது கழி முறியும். கழியையே தண்ணீரில் எறிந்து, மீன் அதை இழுத்து அலைந்து களைத்தபின் போய் எடுத்துக்கொள்ளும் உபாயத்தைப் பிற்காலத்து ஆங்கில எழுத்தாளர் ஐஸக் வால்டன் தம்முடைய நூலில் குறிப்பிடுகிறார். எங்கள் ஊர்ப் பெரியவர் காலை விட்டார். வால்டன் காலத்து ஆங்கிலேயர் கழியை விட்டனர்.

இந்தச் சங்கடத்துக்கு விடை சீன தேசத்தில் அதற்கு முன்பே கிடைத்திருந்தது. தென் சுங் வம்சத்து அரசவையில் சித்திரக்காரராக இருந்த மா யுவான், 12ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் பட்டில் தீட்டிய ஓவியம் ஒன்று இப்போது தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பரந்த நீர், அது நீர் என்பதை உணர்த்தச் சில மெல்லிய கோடுகள், நடுவே ஒரு சிறு படகு, அதன் ஒரு முனையில் குந்தியிருக்கும் மனிதனின் கனத்தால் அந்த முனை சற்றே தாழ்ந்து மறுமுனை எழும்பியிருக்கிறது. குளிருக்கு ஒடுங்கிய அவனுடைய கையில் பிடித்த கழியைக் கூர்ந்து பார்த்தால், பிடிக்குச் சற்று மேலே ஆரங்களோடு கூடிய ஒரு சிறு சக்கரம் தெரியும். கயிறு அந்தச் சக்கரத்திலிருந்து புறப்பட்டு நீருக்குள் போகிறது. கழியின் நீளத்துக்குக் கட்டுப்படாத கயிறு, வேண்டும்போது விடவும் வேண்டாதபோது சுற்றவும் ஏற்ற கயிறு, உலகத்து ஓவியங்களில் தலைகாட்டுவது ஏறத்தாழ இங்கேதான். சித்திரக்காரருக்கு அந்தச் சக்கரம் வியப்புக்குரிய பொருளாக இருந்ததாகவே தோன்றவில்லை. தினசரி பார்க்கும் பண்டத்தை வரைவதுபோல நாலு கோட்டில் வரைந்துவிட்டுப் போயிருக்கிறார். அந்த அலட்சியமே அது அங்கே எவ்வளவு பழக்கமாகியிருந்தது என்பதற்குச் சாட்சி என்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தில் அதே சக்கரம் அச்சேறுவது 1651இல், தாமஸ் பார்க்கர் என்பவரின் சிறு நூலில். இரண்டு ஆண்டு கழித்து, 1653இல், வால்டன் தம்முடைய பெயர்பெற்ற நூலை வெளியிட்டார். சால்மன் பிடிப்பவர்கள் கழியின் நடுவிலோ கையருகிலோ ஒரு சக்கரம் வைத்துக்கொள்வதைப் பிற்பாடு அவர் எடுத்துரைக்கும்போது, சொல்லி விளக்குவதைக் காட்டிலும் ஒன்றை நேரில் பார்ப்பதே மேல் என்று விட்டுவிடுகிறார். அதன் பின் நூற்றைம்பது ஆண்டுக்காலம் அந்தப் பித்தளைச் சக்கரம் கயிற்றைச் சேமித்துவைக்கும் பெட்டிபோலவே இருந்தது. அதிலிருந்து தூர வீச முடியாது. கையால் கயிற்றை உருவி விட்டுத்தான் வீசவேண்டும்.

வீசுவதற்குரிய சக்கரம் பிறந்தது அமெரிக்காவின் கென்டக்கி பிரதேசத்தில். அங்குள்ள ஓடைகளில் பாஸ் என்னும் மீன் மிகுதி. அதற்கு உயிருள்ள சிறு மீனை முள்ளில் கோத்துத் தூரத்தில் எறியவேண்டும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸ் என்னும் ஊரில் கடிகாரத் தொழிலாளியாக இருந்த ஜார்ஜ் ஸ்னைடர், கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் உருளை பல சுற்றுச் சுழலும்படி பற்சக்கரங்களை அமைத்தார். அவருக்குப் பின் பிராங்க்போர்ட்டில் மீக் சகோதரர்கள் அதே வேலையைத் தொடர்ந்தார்கள், அவர்களும் கடிகாரக்காரர்களே. நாழிகையை அளக்கும் யந்திரத்தில் பழகிய கைகள் அல்லாமல் வேறு கைகள் இதைச் செய்திருக்க முடியாது. உராய்வே இல்லாததுபோல உருளை சுழன்றால்தான் எறிந்த இரையின் கனமே கயிற்றை இழுத்துக்கொண்டு போகும். ஆனால் அந்தச் சுகத்திலேயே ஒரு கஷ்டமும் இருந்தது. இரை வேகம் குறைந்து நீரைத் தொடுகிற தருணத்தில் உருளை மட்டும் முன்போலவே வெறி பிடித்துச் சுழன்றால், விடுபட்ட கயிறு போக இடமின்றி உருளையின்மேலேயே சிடுக்காகப் பின்னிக்கொள்ளும். அதைப் பிரிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதைத் தடுக்கும் கருவி வலதுகைப் பெருவிரல்தான். மிருதங்கக்காரருக்கு விரல் நுனியில் இருக்கும் நிதானம் இந்த வேலைக்கும் வேண்டும்.

கழியின் கதையில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. பென்சில்வேனியாவின் ஈஸ்டன் நகரத்தில் துப்பாக்கி செய்துகொண்டும் வயலின் செய்துகொண்டும் இருந்த சாமுவேல் பிலிப்பி, 1840களில், மூங்கிலைப் பிளந்து சிம்புகளாக்கி, அவற்றை மறுபடி ஒட்டிக் கழி செய்யத் தலைப்பட்டார். மூங்கிலின் பலமெல்லாம் அதன் தோலை ஒட்டிய நாரில் இருக்கிறது. உட்புறம் போகப் போக அது வெறும் சோறு. சோற்றைச் சீவி எறிந்துவிட்டு, நார்ப்பகுதியை முக்கோண வடிவமாகச் சீவி, ஆறு சிம்புகளைத் தோற்புறம் வெளியே இருக்குமாறு வஜ்ஜிரப் பசை போட்டு இறுக்கினால், விரற்கடையளவு பருமனில் அபாரமான துவட்சியும் மீட்சியும் உள்ள கழி கிடைக்கும். மேய்ன் மாநிலத்தின் பாங்கர் நகரத்து ஹிராம் லியனார்ட் இந்த ஆறு சிம்புக் கழியை யந்திரத்தின் உதவியால் பெருவாரியாகச் செய்து பிரசித்தமாக்கினார். அந்த நாளில் அவர்கள் கையாண்ட மூங்கிலுக்கு அங்கே கல்கத்தா மூங்கில் என்று பெயர். நம் மலைக்காடுகளில் வளரும் கல்மூங்கிலின் ஜாதியே அது. எங்கள் பெரியவரின் பரணில் புகை குடித்துக்கொண்டிருந்த அதே வர்க்கத்து மூங்கில், கப்பலேறி அமெரிக்கா போய், வயலின் செய்கிறவனின் பட்டறையில் ஆறாகப் பிளவுண்டதை நினைக்கும்போது எனக்கு ஒரு பெருமிதம் உண்டாகிறது.

பின்னர் தென் சீனத்தின் குவாங்டுங் பகுதியிலிருந்து வந்த டோங்கின் மூங்கில் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. கணு எழும்பாமல் நேராக வளர்ந்த அந்த மூங்கிலுக்கு 1931இல் பெயர் சூட்டிய தாவர நூலார் மெக்ளூர், அழகியது என்று பொருள்படும் லத்தீன் சொல்லையே அதற்கு வழங்கினார். 1950இல் அமெரிக்கா சீனத்தோடு வியாபாரத்தை நிறுத்தியபோது அந்த வரத்தும் நின்றது. அதற்குச் சற்று முன்னரே, 1947 அளவில், கண்ணாடி இழைக் கழிகள் கடைக்கு வந்திருந்தமையால் தொழில் ஸ்தம்பிக்கவில்லை. 1970களில் கரி இழைக் கழி வந்து அதையும் பின்தள்ளிற்று. இந்த இழைகளின் விவரத்தை விரித்து எழுத எனக்கு மனம் ஓடவில்லை. அவை மூங்கிலைவிட இலேசானவை, மலிவானவை, மழைக்கு அஞ்சாதவை. கழியைத் தேர்ந்தெடுக்கும் விதி மட்டும் அன்றிருந்ததுதான் இன்றும் இருக்கிறது. இலேசான இரையை வீச நுனி துவளும் கழியும், கொடியும் பாசியும் மண்டிய இடத்திலிருந்து மீனைக் கிளப்ப அடிவரை விறைத்த கழியும் வேண்டும்.

கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியாது. குதிரை மயிருக்குப் பின் முள்ளருகே கட்டப்பட்டது பட்டு நரம்பு. ஸ்பெயினின் மூர்சியா பிரதேசத்தில், கூடு கட்டும் தறுவாயில் இருக்கும் பட்டுப்புழுவைக் காடியில் ஊறப்போட்டுக் கொன்று, அதன் உடலிலுள்ள பட்டுச் சுரப்பியைக் கையால் எடுத்து இருபுறமும் இழுப்பார்கள். ஒரு புழுவுக்குச் சாண் கணக்கில் ஒரு நரம்பு, அவ்வளவுதான். அது காய்ந்தால் நொறுங்கும். தூண்டில் போடுமுன் நனைத்து வைக்கவேண்டும். 1938இல் அறிவிக்கப்பட்ட நைலான், யுத்தத்துக்குப் பிறகு இத்தனை புழுக்களின் வேலையையும் தானே ஏற்றுக்கொண்டது. நம் ஊர்ப் பெட்டிக்கடையில் தங்கூஸ் என்று கேட்டு நாம் வாங்கும் நரம்பு அதன் வழிவந்ததே.

இலேசான இரையையும் சிக்கலின்றி வீசும் சக்கரத்தை இங்கிலாந்தின் பிராட்போர்டில் கம்பளி ஆலைக்காரரான ஆல்பிரட் ஹோல்டன் இல்லிங்வொர்த் 1905இல் பதிவுசெய்தார். அதற்கு முன் 1884இல் பெர்த் நகரத்து மாலக், வீசும்போது உருளையைப் பக்கவாட்டில் திருப்பிவைக்கும் ஓர் அமைப்பைச் செய்திருந்தார். இல்லிங்வொர்த் உருளையைச் சுழற்றுவதையே ஒழித்துவிட்டார். இதை விளங்கிக்கொள்ள நம் கைத்தறிக்காரர் வீட்டுக்குப் போனால் போதும். நாடாவுக்குள் வைத்த தார்க்கட்டை சுழல்வதில்லை. நாடா பாய்கிற வேகத்தில் நூல் அதன் நுனிவழியாகத் தானே வழுக்கி வருகிறது. கட்டை சுழலவேண்டும் என்றிருந்தால் நூல் அறுந்துபோகும். ஆலையில் தினந்தோறும் இதைக் கண்ணால் கண்டவர் தூண்டிலுக்கு அதைக் கொண்டுவந்தார். உருளை அசையாமல் நிற்க, நரம்பு அதன் விளிம்பைத் தாண்டி உதிர்கிறது. சுற்றும்போது ஒரு சிறு கை உருளையை வலம்வந்து நரம்பைச் சாத்துகிறது. சுழலாத உருளையில் சிடுக்குக்கு வேலை குறைவு.

சக்கரத்தின் உயிர்நிலை வேறு ஓர் உறுப்பில் இருக்கிறது. உருளையை இறுக்கிப் பிடித்திருக்கும் அழுத்துத் தட்டுகள், குறிப்பிட்ட ஒரு பலத்துக்கு மேல் மீன் இழுத்தால் வழுக்கிக் கொடுத்து நரம்பை விடுகின்றன; மீன் ஓய்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்கின்றன. டிராக் என்று இன்றைய இளைஞர்கள் சொல்லும் அந்தப் பிடிமானத்தை நரம்பின் சக்திக்கு எவ்வளவு குறைவாக வைப்பது என்பதில்தான் அனுபவசாலியின் சாமர்த்தியம் அத்தனையும் இருக்கிறது.

பொய்யிரைகளின் வரலாற்றில் கதைகள் மலிந்திருக்கின்றன. வெர்மான்ட்டைச் சேர்ந்த ஜூலியோ பியூல், படகில் உணவருந்துகையில் கரண்டி கைதவறி நீரில் விழ, மின்னிக்கொண்டே அமிழ்ந்த அதை ஒரு மீன் பாய்ந்து கவ்விற்றாம். பிடியை வெட்டிய கரண்டியில் முள்ளை வைத்து அவர் செய்த கரண்டி இரைக்கு 1852இல் காப்புரிமை கிடைத்தது. மிச்சிகனின் டவாஜியாக்கில் ஜேம்ஸ் ஹெட்டன் மரத்தில் தவளை செதுக்கினார். கரண்டிக் கதை எவ்வளவு தூரம் மெய்யோ, உரிமைப் பத்திரம் மெய். இவர்களையெல்லாம்விட என் மனத்தைக் கவர்ந்தவர் பின்லாந்தின் லௌரி ராப்பலா. பையன்னே ஏரியில் வலை போட்டும் தூண்டில் போட்டும் வயிறு வளர்த்த ஏழை அவர். பெரிய மீன்கள் ஒரு சிறு மீன் கூட்டத்தைத் தாக்கும்போது, ஒருக்களித்துத் தள்ளாடி நீந்தும் காயம்பட்ட குஞ்சையே தேடிப்பிடிப்பதை அவர் படகிலிருந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 1936இல் அந்தத் தள்ளாட்டத்தை ஒரு தக்கைக் கட்டையில் செதுக்கினார். மேலே சாக்கலேட் சுற்றிவந்த ஈயத் தாளை ஒட்டினார். மெருகெண்ணெய் வாங்க வகையில்லாமல், பழைய புகைப்பட நெகட்டிவ்களை உருக்கிப் பூசினார். 1962 ஆகஸ்டில், மெரிலின் மன்றோவின் மரணத்தை ஒட்டி அவருடைய படத்தை அட்டையில் தாங்கி அளவிறந்து விற்ற லைஃப் பத்திரிகை இதழில் அந்த இரையைப் பற்றிய கட்டுரையும் இடம்பெற, அமெரிக்கர்கள் அதற்காக அலைமோதினார்கள்.

இந்தச் சாதனங்கள் அனைத்தையும் பரீட்சித்த நீர் ஒன்று நம் பக்கத்திலேயே ஓடுகிறது. சென்னை மாகாணத்து ஸிவில் உத்தியோகஸ்தரான ஹென்றி ஸல்லிவன் தாமஸ் 1873இல் மங்களூரில் வெளியிட்ட இந்தியத் தூண்டில் நூல் மஹசீர் மீனையே தலையாயதாகக் கொண்டது. குளத்து மீன்களுக்கென்று 1887இல் தனியே ஒரு நூலும் அவர் எழுதினார். மஹசீரின் தாடையில் பல் இல்லை, தொண்டையில் இருக்கிறது. நத்தை ஓட்டையும் நண்டையும் நொறுக்கும் அந்த வாயில் அகப்பட்ட தூண்டில் முள் நசுங்கித் தகடாகிவிடும். மாட்டியதும் அது ஓடும் முதல் ஓட்டத்தில் நரம்பு கஜக்கணக்கில் போய்விடும். சிறிய சக்கரம் வைத்திருப்பவன் வெறும் உருளையைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டியதுதான். காவிரிக்கரை மக்கள் கேழ்வரகு மாவைப் பிசைந்து வேகவைத்த உருண்டையை இரையாக்கினார்கள். மீன் பாறைகளுக்கு இடையே ஓடினால் பரிசலில் ஏறி அதன் பின்னாலேயே சுழன்று சுழன்று போனார்கள். எந்தப் பட்டறையிலும் செய்யாத அந்தப் பரிசலைக் காவிரியின் சக்கரம் என்றே நான் சொல்வேன். 1946 மார்ச்சில் கபினியில், மைசூரில் விலங்குகளைப் பாடம்செய்வதில் பெயர்பெற்ற வான் இங்கன் குடும்பத்து டி வெட் வான் இங்கன் பிடித்த மஹசீர் 120 ராத்தல், அதாவது 54 கிலோ.

திமில் மஹசீர் எனப்படும் இந்தக் காவிரி மீனுக்கு விஞ்ஞானப் பெயர் எது என்பது 2018இல்தான் தீர்மானமாயிற்று. அதே ஆண்டில் அது அழிவின் விளிம்பில் நிற்கும் இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. அணைகளும் மணற்கொள்ளையும் வெடி போட்டு மீன் பிடித்தலும் ஒருபுறம். லோனாவாலாவில் பொரித்துக் கொண்டுவந்து காவிரியில் விடப்பட்ட நீலத்துடுப்பு மஹசீரின் பெருக்கம் மறுபுறம். இவ்வளவு பெரிய மீன், இத்தனை பேர் தேடிவந்து பிடித்த மீன், பெயர் தெரிவதற்குள் போகப்போகிறதே என்ற துக்கம் எனக்கு ஆறவில்லை. பிற்காலத்துத் தூண்டிற்காரர்கள் அதைப் பிடித்தும் கொல்லாமல், முள்ளைக் கழற்றி, ஓட்டத்துக்கு எதிர்முகமாக அதன் தலையைத் திருப்பி, செவுள் வழியே நீர் புகுந்து பலம் திரும்பும் மட்டும் இரு கைகளாலும் தாங்கி நின்று, பிறகு விட்டார்கள்.

சென்ற ஆண்டு மழைக்குப் பின் ஊருக்குப் போயிருந்தேன். பெரியவர் இல்லை. அவர் நின்ற மடைக்கு அருகே இருபது வயதுப் பையன் ஒருவன் கரி இழைக் கழியும் சுழலாத உருளைச் சக்கரமும் வைத்து வீசிக்கொண்டிருந்தான். நரம்பின் நுனியில் ரப்பர்த் தவளை. அல்லி இலைகளின்மேல் அது தத்தி வந்த விதம், அந்தக் கிழவரின் கழிநுனியிலிருந்து வந்ததுபோலவே இருந்தது. "டிராக்கை இவ்வளவு லேசா வச்சிருக்கியே தம்பி, மீன் போயிடாதா?" என்று கேட்டேன்.

"போகட்டும்ண்ணே. கொஞ்சம் ஓடவிட்டாத்தான் கைக்கு வரும்" என்றான்.

அவன் சொல்லி முடிப்பதற்குள் இலை ஒன்று கிழிந்து நீர் வெடித்தது. கழி வளைந்தது, சக்கரம் கிறீச்சென்று கத்தத் தொடங்கிற்று. பையன் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. அல்லிப் பூக்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்துகொண்டே கண்மாயின் நடுப்பக்கம் நோக்கிப் போக, நரம்பு போய்க்கொண்டே இருந்தது.